ஆள் அலையாமல் பைல் நடக்கட்டும்: கொழும்பில் வேலைவாய்ப்புக் கூட்டு மேசை நடத்துவது எப்படி

கொழும்பில் வேலை தேடும் ஒருவர் எத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வதிவிடச் சான்றிதழுக்குக் கிராம உத்தியோகத்தர். வேலைவாய்ப்புப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் இருக்கும் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர். பயிற்சிக்கு நாரஹேன்பிட்டியில் தொழிற்பயிற்சி அதிகாரசபை. அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பற்றிக் கேட்க இன்னொரு மேசை. மட்டக்குளியில் இருந்து பஸ் ஏறி இதையெல்லாம் முடிப்பதற்குள் நாலைந்து நாள் கூலி போய்விடும். பாதியில் விட்டுவிடுவார். நாமோ அவரது பைலில் "ஆர்வமில்லை" என்று எழுதிவிடுகிறோம். இந்த உத்தியோகத்தர்கள் எல்லாரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, அந்த அலைச்சலைத் தங்கள் தலையில் எடுத்துக்கொள்வதுதான் கூட்டு மேசை. மாநகர சபை, பிரதேச செயலக உத்தியோகத்தர்களுக்கும் சனசமூக நிலையக்காரருக்கும் இந்த வழிகாட்டி.

முதலில் கடிதம்

மாநகர சபை இயங்குவது 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ். வேலைவாய்ப்புச் சேவையை நடத்துவதோ மத்திய அரசின் மனிதவலு, வேலைவாய்ப்புத் திணைக்களம். அதனால் வாய்ச்சொல்லில் பேசி முடித்த ஒத்துழைப்பு இரண்டாவது மாதமே நின்றுவிடும். மாநகர ஆணையாளரும் பிரதேச செயலாளரும் சேர்ந்து கையொப்பமிட்ட ஒரு பக்கக் கடிதம் வேண்டும். அதில் உத்தியோகத்தரின் பெயர் வேண்டாம், பதவியை எழுதுங்கள். கிழமை, நேரம், இடம், வர முடியாத நாளில் பதிலுக்கு யார் என்பதையும் எழுதுங்கள். கடிதம் இல்லாவிட்டால் வெளிக்கள உத்தியோகத்தர் அன்று கடமையில் இருந்ததாகவே காட்ட முடியாது. வராதவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்று நகரத்துக்குள் இரண்டு பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. ஆரம்பத்தில் ஒன்றை மட்டும் எடுங்கள். மாதம் இரண்டு தடவை, காலை 9 முதல் 12 வரை, நடந்து வரக்கூடிய சனசமூக நிலையத்திலோ நூலகத்திலோ வையுங்கள். ஒரு காலையில் 15 பேருக்கு மேல் அழைக்க வேண்டாம். ஒருவருக்கு 30 நிமிடமாவது தேவைப்படும். பதிவு செய்ய மூன்று பேர் உட்கார்ந்தால் 15 பேரை ஒழுங்காகப் பார்த்து முடிக்கலாம்.

சபைக்குள்ளேயே இருக்கும் ஆட்கள்

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வேலை எங்கே இருக்கிறது, வேலை தேவைப்படுகிறவர் எங்கே இருக்கிறார் என்ற இரண்டும் சபையின் பிரிவுகளுக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு பிரிவுக்குத் தெரிந்தது அடுத்த பிரிவுக்குப் போவதில்லை, அவ்வளவுதான்.

புதிதாகத் திறக்கும் கடை, ஹோட்டல், களஞ்சியம் எல்லாம் வியாபார அனுமதிப்பத்திரத்துக்கு வந்தே ஆக வேண்டும். அந்தக் கவுன்டரில் "ஆட்கள் தேவையா? எத்தனை பேர்? எப்போது?" என்று மூன்று வரி கொண்ட அரைத்தாள் ஒன்றை வையுங்கள். நிரப்புவது கட்டாயமில்லை என்பதையும், நிரப்பாவிட்டால் அனுமதிப்பத்திரம் தாமதமாகாது என்பதையும் அதிலேயே அச்சிடுங்கள். இல்லாவிட்டால் முதலாளி பயத்தில் ஏதோ ஓர் எண்ணை எழுதிக் கொடுப்பார். பி.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சமையலறைகளுக்குள் போகிறவர், ஆள் குறைந்த ஹோட்டல் அவர் கண்ணில் படும். ஆனால் சோதனைக்குப் போன இடத்தில் அவரையே வேலை கேட்க வைக்கக் கூடாது. அது சலுகை கேட்பது போல் ஆகிவிடும். மேசையின் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தால் போதும்.

மிட்வைஃப் வீடு வீடாகப் போகிறவர். பிள்ளையைப் பார்க்க ஆளில்லாததால் வீட்டில் இருக்கும் பெண்களை அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. அந்தப் பெண்ணுக்கு முதலில் தெரிய வேண்டியது பிள்ளைகளின் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் மூடும் நேரம். வேலைப் பட்டியலை அதற்குப் பிறகு காட்டலாம். நிலையம் 5 மணிக்கு மூடினால், 5.30க்கு முடியும் வேலைக்கு அவரை அனுப்பி வைப்பது வீண்.

அந்த அரை மணி நேரம்

"என்ன வேலை வேணும்?" என்று கேட்காதீர்கள். "எந்த வேலையா இருந்தாலும் பரவாயில்ல" என்பார், உங்கள் பேனா அங்கேயே நின்றுவிடும். இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, கடைசியாச் செஞ்ச வேலையில, காலையில போனதும் முதல் என்ன செய்வீங்க?"

கொட்டாஞ்சேனையில் ஹோட்டல் சமையலறையில் நின்ற ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். "அடுப்பப் பத்த வச்சு, பத்துக் கிலோ மாவக் குழைச்சு, ரொட்டிக்கு உருண்டை புடிச்சு எண்ணெயில ஊறப் போடுவேன். பொறகு சம்பல்" என்பார். பைலில் "தொழில்: இல்லை" என்று போயிருக்க வேண்டியவர் கைத்தொழில் தெரிந்தவராகிவிட்டார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். இத்தகையவரை ஆறு மாதப் பாடநெறியில் போட்டு, தெரிந்ததையே திரும்பப் படிக்க வைக்க வேண்டாம். முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டுக்கு அனுப்பினால், திறமையைச் செய்து காட்டி தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபையும் தேசிய பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையும் இந்த மதிப்பீட்டைச் செய்கின்றன. இந்தத் தகைமையின் 1 முதல் 4 வரையான மட்டங்கள் சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டம். வேலை செய்ததற்கான அத்தாட்சி கேட்பார்கள். பழைய முதலாளியின் கடிதம், வேலையில் நிற்கும் படங்கள் ஆகியவற்றைத் தேட ஒரு வாரம் கொடுங்கள். முதலாளி எழுதத் தயங்கினால் கடிதத்தின் மாதிரியை நீங்களே எழுதிக் கொடுங்கள். அவர் படித்துப் பார்த்துக் கையொப்பம் வைப்பார்.

முகவரி கேட்டால் தாங்கள் இருக்கும் தோட்டத்தின், அதாவது நெருக்கமான குடியிருப்பின், பெயரைத்தான் சொல்வார்கள். படிவத்துக்கோ கிராம உத்தியோகத்தர் பிரிவு வேண்டும். இரண்டையும் பொருத்திய பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். தொடர்மாடிக்கு மாறியவர்களின் அடையாள அட்டையில் பழைய முகவரி இருக்கும். வதிவிடச் சான்றிதழ் அங்கேதான் சிக்கும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரமே இல்லாதவரையும் திருப்பி அனுப்ப வேண்டாம். அனுமான வயதுச் சான்றிதழுக்கான வழி இருக்கிறது. கிராம உத்தியோகத்தர் மேசையில் இருந்தால் இந்த இரண்டையும் அன்றே தொடங்கலாம்.

ஒருவர் சொன்னதை இன்னொரு திணைக்களத்துக்குக் கொடுக்கக் கையொப்பமிட்ட சம்மதம் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்து, எந்த விவரம், யாருக்கு, எதற்கு என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, வாசித்துக் காட்டிய பின் கையொப்பம் வாங்குங்கள். நோய், கடன், வழக்கு பற்றி அவர் சொன்னவை முதலாளிக்குப் போகும் தாளில் ஒருபோதும் இருக்கக் கூடாது.

எங்கே முறிகிறது

பெரும்பாலும் முதல் மாதத்தில். புறக்கோட்டையில் நாட்டாமியாக மூட்டை சுமப்பவர் அன்றன்று கையில் காசோடு வீடு போகிறவர். மாதச் சம்பள வேலையில் சேர்ந்தால் முப்பது நாள் வெறுங்கை. பத்தாம் நாள் பஸ் காசு இல்லாமல் நின்றுவிடுவார், முதலாளி "சோம்பேறி" என்பார். ஆளை அனுப்ப முன்னரே முதலாளியிடம் முதல் மாதத்துக்கு மட்டும் வாராவாரம் அட்வான்ஸ் தர முடியுமா என்று கேளுங்கள். கேட்டால் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது அஸ்வெசும நின்றுவிடுமோ என்ற பயம். இதற்கு ஊகத்தில் பதில் சொல்லாதீர்கள். நலன்புரி உத்தியோகத்தரை அதே மேசையில் உட்கார வைத்து, அந்தக் குடும்பத்தின் பைலைப் பார்த்துப் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

மொழியும் அப்படித்தான். பாடநெறி எந்த மொழியில் நடக்கிறது என்று கேட்காமல் அனுப்பினால், சிங்கள வகுப்பில் விளங்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இரண்டாம் வாரம் வராது. வராத பிள்ளைமேல் பழி போட நமக்கு உரிமையில்லை.

முகவரியைப் பார்த்தே வேண்டாம் என்று சொல்லும் முதலாளிகளும் உண்டு. கடிதத்தால் இதை மாற்ற முடியாது. மேசையில் இருந்து ஒருவர் நேர்முகத்துக்குக் கூடவே போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

சம்பளத்தை எழுத்தில் வாங்குங்கள். 2026 ஜனவரி முதல் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம்; ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். இவற்றைக் கட்டாத இடத்துக்கு ஆள் அனுப்பினால் மேசையின் பெயரும் சேர்ந்து கெடும்.

வேலையில் சேர்ந்த 3ஆம் நாள், 10ஆம் நாள், 30ஆம் நாள், மூன்றாம் மாத முடிவு என நான்கு தடவை போன் பண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் ஒரு நிரல் வையுங்கள். நின்றுவிட்டால் காரணத்தை அவர் வாயால் கேட்டு எழுதி, அடுத்த அமர்வுக்கே திரும்ப அழையுங்கள். உத்தியோகத்தர்களுக்கு இடமாற்றம் வரும். அதனால் கொப்பி மேசைக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், வைக்கும் இடம் சனசமூக நிலையத்தின் பூட்டிய அலுமாரி. சாவியில் ஒன்று சபையிடமும் மற்றது பிரதேச செயலகத்திடமும் இருக்கட்டும்.