உயிர்த்தெழுதலுக்குக் காரணம் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார். தன் மதம் முழுவதையும் ஒரே நிகழ்ச்சியின்மேல் இவ்வளவு வெளிப்படையாக நிறுத்தியவர்கள் குறைவு. அந்த நிகழ்ச்சியை ஏன் நம்புகிறீர்கள் என்று ஒருவர் கேட்டால், கிறிஸ்தவர்களிடம் நல்ல பதில்கள் உண்டு. நானும் அவற்றை நம்புகிறவன்தான். ஆனால் அந்த நல்ல பதில்களோடு பலவீனமான நாலு பதில்களையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். கேட்கிறவர் பலவீனமானதைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் அதன்மேல் ஏற்ற வேண்டும். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த அளவைத் தாண்டுவதால் வருகிறவை.

எதை நம்புகிறோம் என்பதையே மாற்றிச் சொல்வது

லாசரு உயிரோடு வந்தான், யவீருவின் மகள் எழுந்தாள், அதுபோல இயேசுவும் எழுந்தார் என்று சிலர் விளக்குகிறார்கள். லாசரு பழைய வாழ்க்கைக்கே திரும்பினான்; பிறகு மற்றவர்களைப்போல இறந்திருப்பான். இயேசு இனி மரிப்பதில்லை என்பதுதான் சபை முதலிலிருந்து சொல்லி வருவது. இன்னொரு பக்கம், அவருடைய ஆவி சீஷர்களின் உள்ளத்தில் வாழ்ந்தது என்று மென்மையாக்கிச் சொல்கிறவர்களும் உண்டு. லூக்கா எழுதிய இயேசு பொரித்த மீனை வாங்கிச் சாப்பிடுகிறார். அந்தக் கதையை நம்பாமல் போகலாம், ஆனால் அது உள்ளத்தில் வாழ்வதைப் பற்றிய கதை இல்லை.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், கிறிஸ்தவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்றே இதில்தான் இருக்கிறது. அன்றைய யூதர்களில் பரிசேயர் உயிர்த்தெழுதலை நம்பினார்கள், சதுசேயர் மறுத்தார்கள். நம்பியவர்களும் உலக முடிவில் எல்லாரும் சேர்ந்து எழுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தார்கள். தானியேல் 12-ஆம் அதிகாரம் அப்படித்தான் பேசுகிறது. காலத்தின் நடுவில் ஒரே ஒருவர், அதுவும் சிலுவையில் தொங்கியவர், முன்னதாக எழுவார் என்று யாரும் காத்திருக்கவில்லை. இருந்த நம்பிக்கைக்கு ஏற்ப சீஷர்கள் கற்பனை செய்துகொண்டார்கள் என்ற விளக்கத்துக்கு இது ஓர் இடைஞ்சல். லாசருவோடு ஒப்பிட்டுவிட்டால் இந்தக் காரணமே கை நழுவிவிடும்.

"வேதம் சொல்கிறது, அவ்வளவுதான்"

வேதத்தை ஏற்றுக்கொள்ளாத ஒருவரிடம் இது பதிலாகாது. அதற்காக வேதத்தை மூடி வைக்கவும் வேண்டாம். பவுலின் நிருபங்களைப் பழங்காலக் கடிதங்களாக மட்டுமே வாசித்தாலும் அவற்றில் நிறைய இருக்கிறது. கிறிஸ்தவர்களின் வாதத்தில் மிகவும் உறுதியான இடம் 1 கொரிந்தியர் 15, 3 முதல் 8 வரையுள்ள வசனங்கள். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பவுல் இந்தக் கடிதத்தை எபேசுவிலிருந்து ஏறத்தாழ கி.பி. 53-55 வாக்கில் எழுதினார். இயேசு இறந்தது 30 அல்லது 33 என்று வைத்தால், இடைவெளி சுமார் இருபது, இருபத்தைந்து வருடம். அதிலும், தான் பெற்றுக்கொண்டதையே அவர்களுக்கு ஒப்புவித்ததாக எழுதுகிறார். கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார், கேபாவுக்கும் (பேதுருவின் இன்னொரு பெயர்) பின்பு பன்னிருவருக்கும் தரிசனமானார் என்று அடுக்கடுக்காக வருகிற அந்த வரிகள் மனப்பாடம் செய்வதற்கென்றே அமைந்தவைபோல இருக்கின்றன. யூதாஸ் போன பிறகும் "பன்னிருவர்" என்றே சொல்வது, அது அதற்குள் பழகிப்போன பெயர் என்பதைக் காட்டுகிறது. கலாத்தியருக்கு எழுதும்போது, மனம் மாறி மூன்று வருடத்துக்குப் பின் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு பதினைந்து நாள் தங்கியதாகவும், இயேசுவின் சகோதரன் யாக்கோபையும் கண்டதாகவும் பவுல் சொல்கிறார். யாக்கோபின் பெயரும் அதே பட்டியலில் பின்னால் வருகிறது. ஆக, பட்டியலில் பேர் வந்திருக்கும் இரண்டு பேரை அவருக்கு நேரில் தெரியும். விசுவாசிகள் அல்லாத ஆய்வாளர்களிலும் பலர், இந்த வரிகள் இயேசு இறந்து சில வருடங்களுக்குள் உருவானவை என்று ஏற்கிறார்கள்.

அதே பட்டியலில் இல்லாதவற்றையும் பார்க்க வேண்டும். வெறுமையான கல்லறை என்று ஒரு சொல் இல்லை. அடக்கம் பண்ணப்பட்டு எழுந்தார் என்பதிலிருந்து ஊகிக்கத்தான் வேண்டும். பெண்கள் யாரும் இல்லை. சபை அவர்களைச் சாட்சிகளாக முன்வைக்கத் தயங்கியிருக்கலாம் என்று சிலர் விளக்குகிறார்கள். அந்தக் கதை பின்னால் வந்தது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இதை எதிரில் இருப்பவர் சொல்லி நாம் முதல்முறையாகக் கேட்கும் நிலை வரக் கூடாது.

ஐந்நூறு பேர் சாட்சி சொன்னார்கள் என்பது

இது மிகச் சுலபமாக நடக்கிற தவறு. ஐந்நூறுக்கு அதிகமான சகோதரருக்கு ஒரே வேளையில் தரிசனமானார், அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று பவுல் எழுதியிருக்கிறார். நம் கையில் இருப்பது ஒருவருடைய ஒரு வாக்கியம். ஐந்நூறு வாக்குமூலங்கள் கிடையாது. யாருடைய பெயரும் இல்லை, இடமும் இல்லை, சுவிசேஷங்களிலும் இப்படியொரு நிகழ்ச்சி தெளிவாக வரவில்லை. பலர் உயிரோடு இருக்கிறார்கள் என்று பகிரங்கமாக எழுதத் துணிந்திருக்கிறாரே, விசாரிக்கலாம் என்பதுபோல் இருக்கிறதே என்று சொல்லலாம். அது நியாயமான பேச்சு. அங்கே நிறுத்திக்கொள்வது நல்லது.

முரண்பாடே இல்லை என்று சாதிப்பது

நாலு சுவிசேஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தவர்களிடம் இது எடுபடாது. கல்லறைக்குப் போனவர்கள் மாற்குவில் மூன்று பெண்கள், மத்தேயுவில் இருவர், லூக்காவில் இன்னும் பலர், யோவானில் மகதலேனா மரியாள் மட்டும். மாற்குவில் சூரியன் உதயமாகிறது, யோவானில் இன்னும் இருட்டு. தூதர் ஒருவரா இருவரா என்பதிலும் ஒற்றுமை இல்லை. மத்தேயு சீஷர்களைக் கலிலேயாவுக்கு அனுப்புகிறார். லூக்காவிலோ நகரத்திலேயே இருங்கள் என்று சொல்லப்படுகிறது.

சிலவற்றுக்கு எளிய பதில் உண்டு. யோவான் மரியாளை மட்டும் குறிப்பிட்டாலும், அவள் ஓடிப்போய்ப் பேதுருவிடம் பேசும்போது "அறியோம்" என்று பன்மையில் சொல்கிறாள். கூட வேறு யாரோ இருந்திருக்கிறார்கள். ஆனால் கலிலேயா, எருசலேம் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் திணித்துக் காட்டினால் கேட்கிறவருக்குச் சந்தேகம்தான் கூடும். நால்வரும் ஒத்துப்போகும் இடத்தைக் காட்டுங்கள்: வாரத்தின் முதல் நாள், அதிகாலை, மகதலேனா மரியாள், புரட்டப்பட்ட கல், உள்ளே உடல் இல்லை. அப்புறம் மாற்கு 16-ஆம் அதிகாரத்தின் 9 முதல் 20 வரையுள்ள வசனங்களைச் சான்றாக எடுக்க வேண்டாம். 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான், சீனாய் ஏடுகள் என்ற பழைய கிரேக்க வேதாகமக் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் அவை இல்லை.

பெண்கள் முதல் சாட்சிகளாக வருவதை ஒரு காரணமாகச் சொல்வது வழக்கம். இட்டுக்கட்டுகிறவன் அன்றைய சமுதாயம் மதிக்காத சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பானா என்ற கேள்வி நல்ல கேள்விதான். பெண்களின் சாட்சியை ஏற்கக் கூடாது என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதியிருக்கிறார். 2-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்த கெல்சஸ் என்பவர் ஒரு பித்துப்பிடித்த பெண் கண்டதாகச் சொல்லிக் கேலி செய்தார். ஆனால் அன்று பெண்ணின் பேச்சுக்கு எங்குமே மதிப்பில்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட வேண்டாம். அடக்கத்துக்குப் பின் கல்லறைக்கு நறுமணப் பொருட்களோடு போவது பெண்கள் வழக்கமாகச் செய்வது, அதனால் கதையில் அவர்கள் வருவது இயல்பு என்று எதிர்ப்பதிலும் உண்டு.

அப்போஸ்தலர் எல்லாரும் இதற்காகவே செத்தார்கள் என்பது

உயிர்கொடுத்ததால் ஒரு விஷயம் உண்மையாகிவிடாது. பொய்யான கொள்கைக்காகவும் மனிதர்கள் மனதாரச் செத்திருக்கிறார்கள். கிறிஸ்தவர்கள் சொல்ல வருவது வேறு: முதல் சீஷர்கள் யாரோ சொன்னதை நம்பியவர்கள் அல்ல, தாங்களே கண்டோம் என்று சொன்னவர்கள், ஏமாற்றியிருந்தால் அது அவர்களுக்கே தெரிந்திருக்கும். இந்த வாதம் அவர்கள் மனதார நம்பினார்கள் என்பதை நிறுவுகிறது, அதற்குமேல் போகாது.

பன்னிருவர் ஒவ்வொருவரும் எப்படி இறந்தார்கள் என்ற கதைகளில் பல, நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டவை. ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் சிலரே. செபெதேயுவின் மகன் யாக்கோபை ஏரோது அகிரிப்பா பட்டயத்தால் கொன்றதை அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. இயேசுவின் சகோதரன் யாக்கோபு 62-இல் கல்லெறிந்து கொல்லப்பட்டதை ஜோசிஃபஸ் எழுதியிருக்கிறார். பேதுருவும் பவுலும் பட்ட பாடுகளை 1-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமிலிருந்து வந்த கிளெமெந்தின் கடிதம் குறிப்பிடுகிறது. உண்மையில் பவுலின் மரணத்தைவிட அவர் வாழ்ந்த விதம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஒன்று குறைய நாற்பதடி ஐந்து தரம், மிலாறுகளால் அடி மூன்று தரம், கல்லெறி ஒரு தரம் என்று தானே கணக்குச் சொல்கிறார். சபையைத் துன்புறுத்திக்கொண்டிருந்தவர் அந்தச் சபைக்காக இத்தனை அடி வாங்கியதற்கு, உயிர்த்த இயேசுவைக் கண்டேன் என்பது ஒன்றே அவர் சொன்ன காரணம்.

வெளியாரின் எழுத்தை மிகைப்படுத்துவது

ரோம வரலாற்றாசிரியர் தாசித்து, திபேரியுவின் ஆட்சியில் பொந்தியு பிலாத்துவால் கிறிஸ்து மரண தண்டனை அடைந்தார் என்று எழுதினார். சிலுவை மரணத்துக்கு இது சான்று, உயிர்த்தெழுதலுக்கு இல்லை. ஜோசிஃபஸின் நூலில், இவரே கிறிஸ்து, மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார் என்று ஒரு பத்தி இருக்கிறது. அதில் பின்னாளில் கிறிஸ்தவர்கள் கைவைத்திருக்கிறார்கள் என்பதே ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் முடிவு. ஜோசிஃபஸ் இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்று 3-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகனே சொல்லியிருக்கிறார். அந்தப் பத்தியை அப்படியே எடுத்து நீட்டினால் தெரிந்தவர்கள் அங்கேயே பேச்சை முடித்துவிடுவார்கள். இயேசுவின் உடலைச் சுற்றியது என்று சொல்லப்படும் துரின் துணியையும் விட்டுவிடலாம். 1988-இல் மூன்று ஆய்வுக்கூடங்கள் கார்பன் முறையில் சோதித்து 1260-1390 என்று காலம் கணித்தன. அந்த முடிவோடு வாதாடுகிறவர்கள் உண்டு, ஆனால் நம் விசுவாசம் அந்தத் துணியில் தொங்கவில்லை.

தொல்லியலில் உண்மையாகவே உதவுவது ஒன்று இருக்கிறது. சிலுவையில் செத்தவர்களை ரோமர் புதைக்க விடமாட்டார்கள், அதனால் கல்லறைக் கதையே நடந்திருக்காது என்று சிலர் சொல்வார்கள். 1968-இல் எருசலேமில் ஒரு கல்லறையைத் திறந்தபோது, யெகோகனான் என்று பெயர் பொறித்த எலும்புப் பெட்டியில் ஒரு குதிகால் எலும்பு கிடைத்தது. அதில் ஆணி இன்னும் ஏறியபடியே இருந்தது, முனை வளைந்திருந்தது. சிலுவையில் அறையப்பட்ட ஒருவரைக் குடும்பத்தார் முறையாக அடக்கம் செய்திருக்கிறார்கள். இயேசுவுக்கும் அப்படி நடந்தது என்பதற்கு இது நிரூபணம் இல்லை. நடக்க முடியாதது என்ற பேச்சுக்கு மட்டும் பதில்.

யாரும் சொல்லாத மறுப்பை வீழ்த்துவது

இயேசு மயங்கித்தான் போனார் என்ற கருத்தை மணிக்கணக்காக மறுப்பார்கள். இன்று ஆய்வாளர்களில் அதைத் தீவிரமாகச் சொல்கிறவர்கள் மிகக் குறைவு. உயிர்த்தெழுதலை நம்பாத ஜெர்மன் இறையியலாளர் டேவிட் ஸ்ட்ராஸே 19-ஆம் நூற்றாண்டில் அதைத் தகர்த்துவிட்டார். குற்றுயிராகத் தவழ்ந்து வருகிற ஒருவரைப் பார்த்து, மரணத்தை வென்றவர் என்று யாரும் பணிய மாட்டார்கள் என்பது அவருடைய வாதம்.

இன்றைய உண்மையான மறுப்பு, துக்கத்தில் வந்த தரிசனம் என்பது. பேதுருவுக்குக் குற்ற உணர்ச்சி, பவுலுக்கு உள்மனப் போராட்டம், மற்றவர்களுக்கு அது பரவியது என்கிறார்கள். இறந்தவர்களைக் கண்டதாகச் சொல்கிற மனிதர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. இதை அலட்சியப்படுத்த முடியாது. கிறிஸ்தவர்களின் பதில் மூன்று பக்கத்திலிருந்து வருகிறது. குழுவாகக் கண்டதாகச் சொல்லப்படுகிறது. பவுலுக்கு இயேசுவுக்காகத் துக்கம் இல்லை. யாக்கோபும் முன்பு அவரை நம்பியதாகத் தெரியவில்லை. மேலும், இறந்தவரைத் தரிசனத்தில் கண்டவர்கள் பொதுவாக அவர் இறந்துவிட்டார் என்றுதான் முடிவுக்கு வருவார்கள், கல்லறையை விட்டு எழுந்தார் என்று அல்ல. இவை வலுவான பதில்கள் என்பது என் எண்ணம். ஆனாலும் எதிர்த்தரப்புக்குப் பேச ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நிரூபித்துவிட்டோம் என்பது

முதல் சீஷர்கள் எதையோ கண்டார்கள், அதை உயிர்த்தெழுதல் என்று நம்பினார்கள், அந்த நம்பிக்கை மிக விரைவில் பரவியது. இவ்வளவு தூரம் வரலாறு வரும். அதற்கு மேல், தேவன் இருக்கிறாரா, அவர் இப்படிச் செய்யக்கூடியவரா என்று ஒருவர் ஏற்கெனவே என்ன நினைக்கிறார் என்பது குறுக்கே நிற்கும். அதைப் பேசாமல் சான்றுகளை மட்டும் குவித்துக்கொண்டே போனால் இருவரும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்போம்.

இதை ஏற்றுக்கொண்டால் மற்ற எல்லாவற்றையும் ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று அவசரப்படுத்துவதும் கூடாது. பிஞ்சாஸ் லாபிட் என்ற யூத அறிஞர் இயேசு உயிர்த்தெழுந்தது வரலாற்றில் நடந்த நிகழ்ச்சியே என்று 1977-இல் ஒரு நூலே எழுதினார். இயேசு இஸ்ரவேலின் மேசியா என்பதை அவர் ஏற்கவில்லை. கடைசிவரை யூதராகவே இருந்தார்.