துறுதுறுப்பான பெரிய நாய்க்கு நல்ல வீடு தேடுவது எப்படி?

குட்டி நாய் என்றால் தத்தெடுக்க ஆள் சீக்கிரம் கிடைத்துவிடும். வளர்ந்த நாய், முப்பது கிலோவுக்குப் பக்கம், என்ன இனம் என்று சொல்ல முடியாத கலப்பு, ஒரு நிமிடம் சும்மா நிற்காது என்றால் போன் வருவதே குறைவு. வருகிற போனிலும் பலர் கேட்பது, "தோப்புக் காவலுக்குக் கட்டிப்போட ஆகுமா?"

இப்படி ஒரு நாயை முதல்முறையாகக் காப்பாற்றி, தற்காலிகமாக வீட்டில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது சென்னையில். உரிமம் பற்றிச் சொல்வது சென்னைக்கு. மற்றதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேடுவது பெரிய வீட்டை இல்லை, நேரம் இருக்கிற ஆளை. பெரிய காம்பவுண்டுக்குள் நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிற நாயைவிட, சின்ன ஃபிளாட்டில் இருந்தாலும் காலையும் மாலையும் வெளியே போய்வருகிற நாய் நன்றாக இருக்கும்.

1. டாக்டரிடம் காட்டுங்கள்

முதலில் மைக்ரோசிப் (உரிமையாளரை அடையாளம் காணத் தோலுக்கு அடியில் வைக்கும் சின்னச் சில்லு) இருக்கிறதா என்று ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். யாரோ தேடிக்கொண்டிருக்கும் நாயாக இருக்கலாம். தீபாவளி சமயத்தில் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிவந்த நாய்கள் நிறைய. கண்டெடுத்த பகுதியில் படத்தோடு தகவல் கொடுத்துவிட்டு, யாரும் வரவில்லை என்று உறுதியான பிறகு அடுத்த வேலைக்குப் போங்கள்.

அப்புறம் ரேபிஸ் ஊசி, டிஸ்டம்பர், பார்வோ போன்றவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணிக்கு மருந்து. ரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். உண்ணிக் காய்ச்சலில் இருக்கும் நாய் பரம சாதுவாகத் தெரியும். "அமைதியான நாய்" என்று சொல்லிக் கொடுத்துவிடுவீர்கள். மருந்து முடிந்து தெம்பு வந்ததும் அங்கே சோபா கிழியும். உடம்பு தேறிய பிறகு தெரிவதுதான் அதன் உண்மையான குணம்.

கருத்தடை ஆபரேஷனைக் கொடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். "நாங்கள் செய்துகொள்கிறோம்" என்ற வாக்கை நம்ப வேண்டாம். பெரிய உடம்புள்ள நாயைக் குட்டி போட வைத்து விற்பதற்காகவே கேட்பவர்கள் உண்டு.

2. நாயைக் கவனித்து எழுதுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். காலிங் பெல் அடித்தால் என்ன செய்கிறது? சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறதா? தனியாக விட்டால் குரைக்கிறதா, கதவைப் பிறாண்டுகிறதா, தூங்குகிறதா? பைக்கைத் துரத்துகிறதா? மற்ற நாயைப் பார்த்தால் வால் எப்படி இருக்கிறது, உடம்பு விறைக்கிறதா? இதையெல்லாம் தேதி போட்டுக் குறியுங்கள்.

குழந்தைகளோடு எப்படி என்று பார்க்க யார் வீட்டுக் குழந்தையையும் அருகில் நிறுத்த வேண்டாம். பிள்ளைகள் விளையாடும் தெருவில் தூரத்தில் கயிறோடு நின்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பூனைக்கும் அப்படித்தான், மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் வைத்துப் பாருங்கள்.

இனத்தை ஊகித்துச் சொல்லாதீர்கள். காது தொங்கினால் லேப் கிராஸ் (லேப்ரடார் கலப்பு), வெள்ளையாக உயரமாக இருந்தால் ராஜபாளையம் கிராஸ் என்று பெயர் வைத்துவிடுகிறோம். "லேப்" என்று கேட்டதும் எல்லோரிடமும் கொஞ்சும் நாயை எதிர்பார்த்து வருவார்கள். நீங்கள் கண்ணால் பார்த்த குணத்தைச் சொல்லுங்கள், அது போதும்.

3. தெம்பைச் செலவழிக்க வழி செய்யுங்கள்

காலை வெயில் ஏறுவதற்கு முன்பும் சூரியன் மறைந்த பிறகும் வாக்கிங். சித்திரை, வைகாசியில் தார் ரோட்டில் புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். நடையின்போது நின்று நின்று மோப்பம் பிடிக்க விடுங்கள். மோப்பம் அதன் மூளைக்கு வேலை, வேகநடையைவிட நன்றாகக் களைப்பாக்கும். தட்டில் வைக்கும் உணவில் கொஞ்சத்தைப் பழைய துண்டில் சுருட்டிக் கொடுத்தால் தேடித் தின்னும்.

பழக்க வேண்டியவை: கயிறு மாட்டும் முன் உட்காருவது, கூப்பிட்டால் வருவது, பாயில் படுப்பது, ஆளைப் பார்த்தால் தாவாமல் இருப்பது. தாவினால் திட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். நான்கு காலும் தரையில் பட்டதும் தடவிக் கொடுங்கள். கழுத்தை இறுக்கும் சங்கிலி வேண்டாம். நெஞ்சுப் பக்கம் கொக்கி உள்ள ஹார்னஸ் (கழுத்துக்குப் பதில் உடம்பில் மாட்டும் பட்டை) போட்டால் இழுப்பது குறையும்.

4. உண்மையை எழுதி அறிவிப்பு கொடுங்கள்

பகல் வெளிச்சத்தில், நாயின் கண் உயரத்துக்குக் குனிந்து படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் படமும், கயிறோடு நடக்கும் சின்ன வீடியோவும் வேண்டும். அப்போதுதான் அளவும் வேகமும் புரியும். நாங்கள் வீட்டில் வைத்திருந்த மணி என்ற நாய்க்கு எழுதியது இது:

"மணி. ஆண், சுமார் இரண்டு வயது, 28 கிலோ. கருத்தடை, தடுப்பூசி முடிந்தது. மனிதர்கள் என்றால் உயிர். பந்து இருந்தால் சோறு வேண்டாம். வெளியே போகாத நாளில் செருப்பைக் கடிப்பான். பூனை இருக்கும் வீட்டுக்கு ஆகாது. சின்னக் குழந்தைகளைத் தள்ளிவிட வாய்ப்புண்டு. தினமும் இரண்டு வேளை நடக்கவோ ஓடவோ ஆள் இருக்கும் வீடு வேண்டும். கட்டிப்போட, காவலுக்கு மட்டும் கேட்பவர்கள் மன்னிக்கவும்."

குறையை எழுதினால் போன் குறையும். குறையட்டும். ஓடப் போகிறவர்கள், ஏற்கெனவே பெரிய நாய் வளர்த்தவர்கள் இதைப் படித்துவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். வேளச்சேரியில் இருக்கும் ப்ளூ கிராஸ் போன்ற விலங்கு நல அமைப்புகளிடம் தத்து முகாம் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நாயை அங்கே விட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 1959இல் தொடங்கிய அந்த அமைப்பின் மேல் ஏற்கெனவே இருக்கும் பாரம் அதிகம். கூண்டுக்குள் இப்படிப்பட்ட நாய் இன்னும் பதறிப்போகும்.

5. கேள்வி கேளுங்கள்

காலையில் யார் கூட்டிப் போவார்கள்? பகலில் வீட்டில் யார்? இரவு எங்கே தூங்கும்? ஊருக்குப் போனால்? வாடகை வீடா? அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனாலும் வீட்டு ஓனரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கச் சொல்லுங்கள். வீடு மாறும்போது நாயைக் கைவிடுவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது.

"ஆசைப்பட்டது பையன், பார்த்துக்கொள்வது அம்மா" என்றால் அம்மாவிடம் பேசாமல் முடிவு செய்யாதீர்கள்.

6. நேரில் போய்ப் பாருங்கள்

நாயோடு போங்கள். வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். சுவர் உயரம், கேட்டின் இடைவெளி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், பால்கனி எல்லாவற்றையும் பாருங்கள். அங்கே இன்னொரு நாய் இருந்தால் வீட்டுக்குள் முகத்துக்கு முகம் நிறுத்த வேண்டாம். தெருவில் இடைவெளி விட்டு இரண்டையும் ஒரே திசையில் நடத்திவிட்டு, பிறகு சேர்ந்து உள்ளே போங்கள்.

7. ஒப்படைப்பது

தடுப்பூசி புக், கருத்தடைச் சான்று, பழகிய பாய், ஒரு வாரத்துக்கு அதே உணவு. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும். அவை புது வீட்டாரின் பெயரில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நான் பணம் வாங்குவதில்லை, ஆனால் அடுத்த ஊசிக்கு அவர்களையே டாக்டரிடம் வரச் சொல்வேன்.

ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: வளர்க்க முடியாவிட்டால் என்னிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது. பட்டினியில் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் அதிலேயே சேருங்கள்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஒப்படைக்க வேண்டாம். புது இடமும் வெடியும் சேர்ந்தால் ஓடிவிடும். முதல் சில நாள் சாப்பிடாமல் ஒதுங்கியிருக்கலாம், வீட்டுக்குள்ளும் கயிறு கழற்றாமல் இருப்பது நல்லது. மூன்று நாளில் பயம் தெளியும், மூன்று வாரத்தில் வீட்டு ஒழுங்கு பிடிபடும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று நம்பும் என்று நாய் வளர்ப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். அந்த மூன்று மாதமும் போன் செய்யுங்கள். "ரொம்ப குரைக்கிறான்" என்று சொன்னால் கூட்டிக்கொண்டு வந்துவிடாமல், நாளுக்கு எத்தனை நடை போகிறான் என்று முதலில் கேளுங்கள். சரிவராமல் திரும்பி வந்தால், அங்கே என்ன செய்தான் என்று விசாரித்து நோட்டில் சேர்த்துக்கொண்டு அறிவிப்பைத் திருத்தி எழுதுங்கள்.