முதலில் எடைமேடை, பிறகு டயர் கடை: டீசல் ஃபோர்வீல் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காராக் நெடுஞ்சாலையில், கெந்திங் செம்பா இறக்கத்தில், ஒரு மாலை மழையில் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. முன்னால் நின்ற லோரிக்கும் என் பம்பருக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் மிச்சம். பக்கத்தில் மனைவி, பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள். அதற்கு மூன்று வாரத்துக்கு முன்புதான் அந்த பிக்கப்புக்குப் சேற்றுக்கான புது எம்டி டயரும், வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தும் லிஃப்ட்டும் போட்டிருந்தேன். வாங்கிய சாமான்கள் எல்லாம் தரமானவை. ஆனால் என் வண்டியின் எடைக்கும் நான் ஓட்டும் பாதைக்கும் அவை ஒத்துவரவில்லை. மாட்டியவர்கள் ஒரு வேலையை விட்டும் விட்டார்கள். அது என்னவென்று பின்னால் சொல்கிறேன்.

கோலாலம்பூரில் ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ், ரேஞ்சர் வைத்திருக்கும் நம்மவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலத்தான். வாரநாளில் செந்தூலிலிருந்து ஷா ஆலாமுக்கு நெரிசலில் ஊர்வது, வார இறுதியில் உலு யாம், ஜண்டா பாய்க், பெந்தோங் பக்கம் ஏதாவது ஒரு தோட்டத்துக்குச் செம்மண் பாதையில் ஏறுவது. நூறு கிலோமீட்டரில் தொண்ணூறு தார்ச்சாலை, பத்து சேறு. இந்தக் கணக்கை மறந்துவிட்டு, காட்டுப் பந்தயத்துக்குப் போகும் வண்டியைப் பார்த்து அதே சாமானை வாங்குவதில்தான் பணம் போகிறது.

எடை தெரியாமல் ஸ்பிரிங் வாங்குவது

மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் முளைக்கின்றன. கடையில் "எத்தனை இன்ச் தூக்கணும்?" என்று கேட்கிறார்கள், நாமும் ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறோம். ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டியது உயரத்தை வைத்து அல்ல, வண்டியில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் பாரத்தை வைத்து. டீசல் எஞ்சின் ஏற்கெனவே மூக்குப் பக்கம் கனமானது. அதன் முன்னால் இரும்பு புல்பார் (காப்புச் சட்டம்), அதற்குள் வின்ச் (கயிற்றால் வண்டியை இழுக்கும் கருவி), இரண்டாவது பேட்டரி என்று சேர்த்துவிட்டு, கம்பெனி எடைக்குச் செய்த சுருள் ஸ்பிரிங்கையே வைத்திருந்தால் வண்டி முன்பக்கம் குனிந்தபடியே ஓடும். பிரேக் பிடிக்கும்போது இன்னும் குனியும்.

நானும் என் மச்சானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கை பூலோ பக்கம் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனோம். லோரி நிறுக்கும் எடைமேடை அங்கே இருக்கிறது. டேங்க் நிறைய டீசல், வழக்கமாக வண்டியில் கிடக்கும் கயிறு, ஷேக்கிள், கருவிப்பெட்டி எதையும் இறக்கவில்லை. முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு தடவை, முழு வண்டியையும் ஏற்றி ஒரு தடவை. மச்சானுடையதும் அதே மாடல், எதுவும் மாட்டாத வண்டி. அதையும் அப்படியே நிறுத்தோம். சீட்டைப் பார்த்துவிட்டு, "மச்சான், ஒன்னோட மூக்கு மட்டும் நூத்திப் பத்து கிலோ கூட இருக்கு" என்றார். அந்தச் சீட்டை இன்னும் டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். ஸ்பிரிங் வாங்கப் போகிறவர் கையில் இருக்க வேண்டியது அந்த மாதிரி ஒரு துண்டுச் சீட்டுதான்.

பின்பக்கத்தில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. பட்டை ஸ்பிரிங்கை "நிரந்தரமாக 100 கிலோ வரை", "300 கிலோ" என்று பிரித்து விற்கிறார்கள். டுரியான் காலத்தில் கூடை கூடையாக ஏற்றுவோமே என்று 300 கிலோ பட்டையை வாங்கிவிடுகிறோம். பகாங் தோட்டங்களில் முக்கியக் காய்ப்பு ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான். மீதி மாதமெல்லாம் தொட்டி காலி. காலி வண்டியில் அந்தப் பட்டை வளையவே வளையாது. மேடு பள்ளத்தில் பின்பக்கம் துள்ளும், ஈரச்சாலை வளைவில் பின்சக்கரம் பிடியை விடும். காட்டுப் பாதையிலும் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்காமல் அந்தரத்தில் தொங்கும். வருடம் முழுக்க ஏற்றியிருக்கும் பாரத்துக்குப் பட்டையைத் தேர்ந்தெடுங்கள். எப்போதாவது வரும் பாரத்துக்கு இரண்டு நடை போய் வரலாம். பட்டைக்கு மேலே காற்றுப்பை வைப்பதும் ஒரு வழிதான், ஆனால் பட்டையின் இரு நுனிகளும் சேர்ந்து தாங்க வேண்டிய பாரத்தை அது சேஸியின் ஒரே புள்ளியில் குவிக்கும். அளவு மீறி ஏற்றிக்கொண்டு குழியில் விழுந்தால் சேஸியே வளையக்கூடும்.

லிஃப்ட் என்றால் உயரம் மட்டும் என்று நினைப்பது

பின் ஆக்ஸில் ஒரே தண்டாக இருக்கும் வண்டியில், எவ்வளவு லிஃப்ட் போட்டாலும் நடுவில் தொங்கும், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அது டயரின் மையத்தோடு சேர்ந்தது. டயர் பெரிதானால்தான் அது உயரும். லிஃப்ட் உயர்த்துவது பாடியையும் சேஸியையும். ஏற்றத்தில் ஏறும்போது மூக்கு இடிக்காமல் இருக்க, மேட்டின் முகட்டில் வயிறு தட்டாமல் இருக்க அது உதவும். என்ன வேலைக்கு என்று தெரிந்தே போட வேண்டும்.

முன்பக்கம் தனித்தனிக் கையில் நிற்கும் இந்த வண்டிகளில் 40 முதல் 50 மி.மீ. வரை தூக்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் மூட்டுகள் அதிகக் கோணத்தில் வளைந்து நிற்கும், கையைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட் தன் எல்லையைத் தொடும், மேல் கையை மாற்றாமல் அலைன்மென்ட் பிடிக்காது. ஒரு நண்பரின் வண்டியில் முன் ரிம்மின் உட்பக்கம் வட்டமாகக் கருப்பு கிரீஸ் தெறித்திருந்தது. ஆக்ஸில் மூட்டை மூடும் ரப்பர் பூட் கோணம் தாங்காமல் மடிப்பில் கிழிந்து, கிரீஸ் வெளியே போய், சேறு உள்ளே போயிருந்தது. அவர் போட்டிருந்தது ஸ்பிரிங்குக்கு மேலே வைக்கும் வெறும் ஸ்பேசர் துண்டு. விலை குறைவுதான். ஆனால் ஸ்பேசர் ஸ்பிரிங்கின் பலத்தைக் கூட்டாது. அப்சோபர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்க் குழாய்) கீழே விரியும் தூரத்தை முன்கூட்டியே தின்றுவிடும். அதனால்தான் சின்ன மேட்டைத் தாண்டினாலும் "டக்" என்று ஒரு சத்தம் வரும்.

இப்போது காராக் சாலைக்கு வருகிறேன். பழைய மாடல் பிக்கப்கள் பலவற்றில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பியும் அதன் மேல்நுனியில் ஒரு வால்வும் இருக்கும். தொட்டியில் பாரம் ஏறினால் சேஸி கீழே இறங்கும், கம்பி வால்வைத் தள்ளும், பின்பிரேக்குக்கு அழுத்தம் கூடும். பாரம் இல்லையென்றால் அழுத்தம் குறையும். இரண்டு அங்குலம் தூக்கியதும் சேஸி ஆக்ஸிலை விட்டு விலகுகிறது. வண்டி எப்போதும் காலியைவிடக் காலியாக இருப்பதாக வால்வு எடுத்துக்கொண்டு, பின்பிரேக்கின் அழுத்தத்தை வெகுவாகக் குறைத்துவிடுகிறது. தூக்கிய அளவுக்கு அந்தக் கம்பியின் பிடிமானத்தையும் உயர்த்த வேண்டும். அரை மணி நேர வேலை. என் வண்டியில் அதை யாரும் தொடவேயில்லை. லிஃப்ட் போட்டுக்கொண்டவர்கள் இன்றைக்கே வண்டிக்கு அடியில் குனிந்து அந்தக் கம்பி இருக்கிறதா, சரிசெய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பின் பிரேக் குழாய் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது விண்ணென்று இழுபடுகிறதா என்றும் பாருங்கள்.

டயர்

அன்று மழையில் வண்டி வழுக்கியதற்கு மற்றப் பாதிக் காரணம் எம்டி டயர். அதன் கட்டிகள் பெரியவை, நடுவே இடைவெளியும் அகலம். சேற்றைக் கவ்வி உதறித் தள்ள அதுதான் வேண்டும். ஆனால் ஈரத்தாரில் ரப்பர் தரையைத் தொடும் பரப்பு குறைவு, தண்ணீர்ப் படலத்தை வெட்டும் மெல்லிய கீற்றுகளும் குறைவு. கோலாலம்பூரில் பாதி நாள் பிற்பகல் மழை. வாரத்தில் ஐந்து நாள் இந்தத் தாரில் ஓடுகிறவருக்கு தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான நல்ல ஏடி டயர்தான் என் சிபாரிசு, அதிலும் தயங்க மாட்டேன். மாதம் இரண்டு தடவை நிஜமாகவே சேற்றில் இறங்குகிறவர் எம்டியைத் தனி ரிம்மில் வைத்துக்கொண்டு போகும்போது மாட்டலாம். செம்பனைத் தோட்டத்துக்குள் போகிறவர்கள் கட்டியின் வடிவத்தைவிடப் பக்கச்சுவரைக் கவனிக்க வேண்டும். வெட்டிப்போட்ட மட்டையின் அடிமுள்ளும் மூங்கில் கட்டையும் பக்கவாட்டில்தான் குத்தும். பக்கச்சுவர் மூன்று அடுக்காக இருக்கும் டயர் அங்கே காசுக்கு மதிப்பு.

அளவு விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு போட்டாலே பாதித் தவறு நீங்கும். 265/65 ஆர்17 (அகலம் 265 மி.மீ., பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், ரிம் 17 அங்குலம்) டயரின் மொத்த உயரம் 776 மி.மீ. 265/70 என்றால் 803. எல்லாரும் ஆசைப்படும் 285/70 என்றால் 831. முதலுக்கும் கடைசிக்கும் 7 சதவீத வித்தியாசம். டிஃபரன்ஷியலுக்கு அடியில் கிடைப்பது அதில் பாதி, 27 மி.மீ. அதற்கு ஈடாக ஸ்பீடோமீட்டர் 7 சதவீதம் குறைத்துக் காட்டும், கியர் எல்லாம் 7 சதவீதம் நீண்டுவிடும். டீசலுக்கு இந்த இரண்டாவதுதான் வலிக்கும். 2.4 லிட்டர் ஹைலக்ஸ் எஞ்சின் தன் 400 நியூட்டன் மீட்டர் இழுவையை 1,600 முதல் 2,000 சுற்றுக்குள் தருகிறது. முன்பு 1,700 சுற்றில் நிம்மதியாக ஓடிய அதே வேகத்தில் இப்போது 1,590 சுற்றுதான். செம்பா ஏற்றத்தில் எஞ்சின் அந்த வளையத்துக்குக் கீழே நழுவி, ஒவ்வொரு வளைவிலும் கியரைக் குறைக்க வேண்டிவரும். டயரின் கூடுதல் எடை வேறு. 2024 ஜூன் 10 முதல் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளிக்கு ஏறியபோது, பெரிய டயர் போட்டவர்கள் அதை இரட்டிப்பாக உணர்ந்தார்கள். 265/70 பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

அகலமான டயர்தான் சேற்றுக்கு நல்லது என்பதும் பாதி உண்மைதான். கேமரன் மலையில் காய்கறி ஏற்றும் பழைய லேண்ட் ரோவர்களைப் பாருங்கள், ஒல்லி டயரில் பாரத்தோடு ஏறிப் போகும். மேலே நாலு விரல் சேறு, அடியில் கெட்டி மண் என்றால் ஒல்லி டயர் சேற்றை அறுத்துக்கொண்டு கெட்டியைப் பிடிக்கும். அடியே இல்லாத சதுப்பில்தான் அகலம் உதவும்.

பக்கச்சுவரில் அளவை ஒட்டியிருக்கும் எண்ணையும் எழுத்தையும் படிக்காமல் வாங்காதீர்கள். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 121 என்றால் 1,450. கியூ (Q) என்றால் 160 கி.மீ. வேகம் வரை, டி (T) என்றால் 190. கம்பெனி டயரைவிடக் குறைந்த சுமை எண் கொண்டது வேண்டாம். நாலு இலக்கத் தேதியையும் பாருங்கள்: 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். இலகு லோரிகளுக்கான எல்டி வகை டயர் போட்டவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு: கதவோரத்தில் ஒட்டியிருக்கும் பழைய காற்றளவையே அடிப்பது. அதே பாரத்தைத் தாங்க எல்டி டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும். சேற்றில் இறங்கும்போது 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைக்கலாம். 15க்குக் கீழே போனால் வளைக்கும்போது டயர் ரிம்மை விட்டுக் கழலக்கூடும். தாருக்கு ஏறியவுடன் மறுபடி அடிக்க வண்டியில் கம்ப்ரசர் இருக்க வேண்டும். டயருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் இதற்கு யோசிப்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

ஸ்பேர் டயரையும் சேர்த்து ஐந்தாக வாங்குங்கள். முன், பின் ஆக்ஸில்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத ஃபோர்வீலில் ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருந்தால், நாலு சக்கர ஓட்டத்தில் கியர்பெட்டிக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே முறுக்கு ஏறிக்கொண்டே போகும்.

ரிம் பற்றிச் சுருக்கமாக. கம்பெனி ரிம் 7.5 அங்குலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் வெளிப்பக்கம் தள்ளியிருக்கும் மி.மீ.) 30 என்று வைத்துக்கொள்வோம். 9 அங்குலம், ஆஃப்செட் 0 மாட்டினால் வெளி விளிம்பு 49 மி.மீ. வெளியே வரும். பேரிங்குக்குச் சுமை, ஸ்டீயரிங்கில் உதைப்பு, மட்கார்டைத் தாண்டித் துருத்தும் டயருக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சம்மன். வண்டியின் அமைப்பை மாற்றும் எதற்கும் ஜேபிஜே ஒப்புதல் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரியப்படுத்துங்கள்.

மாட்டும் நாள்

அன்று வண்டியை விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பிறகு என் வண்டியைச் சரிசெய்த பட்டறை அண்ணன். வண்டி ஹாய்ஸ்டில் தொங்க, பையன் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் போல்ட்டை இறுக்கப் போனான். அவர் ஸ்பேனரை வாங்கிக் கீழே வைத்தார். "தம்பி, சக்கரம் தரையில நிக்கட்டும், அப்புறம் முறுக்கு." ரப்பர் புஷ் எந்த நிலையில் இறுக்கப்படுகிறதோ அதையே தன் இயல்பு நிலையாகப் பிடித்துக்கொள்ளும். தொங்கும்போது இறுக்கினால், தரையில் இறங்கியதும் எப்போதும் முறுக்கேறியே நிற்கும், சீக்கிரம் கிழிந்துவிடும்.

அலைன்மென்ட் முடிந்ததும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்) எண்ணையும் பாருங்கள். தூக்கிய வண்டியில் அது குறைந்திருந்தால் நேர்ச்சாலையில் வண்டி அலையும், வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது. ஹெட்லைட்டை இறக்கி வைக்கச் சொல்லுங்கள், எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். முன்கண்ணாடியில் கேமரா உள்ள புது மாடலாக இருந்தால் அதையும் மறுபடி அளவுபிடிக்க வேண்டும். பழைய வண்டிகளை வெட்டி உதிரியாக விற்கும் ஹாஃப்கட் கடையில் கிடைக்கும் பழைய அப்சோபர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். உள்ளே எண்ணெய் எத்தனை ஓட்டம் வெந்திருக்கிறது என்று வெளியே பார்த்தால் தெரியாது.

500 கி.மீ. ஓடியதும் அதே பட்டறைக்குத் திரும்பப் போய், பட்டை ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டியிருக்கும் யூ-போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். புதுப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து உட்கார அந்தத் தூரம் பிடிக்கும். என் வண்டியில் எட்டு நட்டுகளில் மூன்று அரைச்சுற்று உள்ளே போயின.