உயிலுக்கு முன் திருமணச் சான்றிதழ்: டர்பன் தமிழ்க் குடும்பங்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் உயில் எழுத உட்காருபவர் முதலில் தேடி எடுக்க வேண்டியது வீட்டுப் பத்திரத்தை அன்று, திருமணச் சான்றிதழை. திருமணத்துக்கு முன் சொத்து ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்ளாமல் பதிவுத் திருமணம் செய்த தம்பதிக்கு, டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் உள்ள வீடு யார் பெயரில் இருந்தாலும், சொத்தும் கடனும் பொதுவானவை. "வீட்டை மூத்தவனுக்கு எழுதி வைத்துவிட்டேன்" என்று தகப்பனார் நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் மறுபாதி அவர் மனைவிக்கு உரியது என்பதால், அவர் எழுதி வைக்கக்கூடியது பாதி வீட்டை மட்டுமே. ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள், அதில் 'அக்ரூவல்' முறை விலக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விலக்கப்படாவிட்டால், மண வாழ்க்கையில் இருவர் சொத்தும் வளர்ந்த அளவை ஒப்பிட்டு, வித்தியாசத்தில் பாதியைச் சொத்து குறைவாக வளர்ந்தவருக்குக் கொடுத்த பிறகே உயில் பேசும்.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கோயிலில் தாலி கட்டி ஊரறிய வாழ்ந்த தம்பதியானாலும், திருமணம் செய்து வைத்த குருக்கள் 1961-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி அதிகாரம் பெற்றுப் பதிவேட்டில் எழுதியிருக்காவிட்டால், அந்தத் திருமணம் அரசுப் பதிவில் இராது. உயில் இல்லாமல் கணவர் இறந்த ஒரு வழக்கில், இந்து முறைப்படி மணந்த பெண்ணையும் மனைவியாகவே கருத வேண்டும் என்று டர்பன் உயர் நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. உரிமை கிடைத்துவிட்டது, ஆனால் துக்க வீட்டில் திருமணப் புகைப்படங்களையும் பிரமாணப் பத்திரங்களையும் தேடி அலையும் வேலை அவள் தலையில்தான் விழும். ஆகவே உயிலில் "என் மனைவிக்கு" என்று மட்டும் எழுதாமல், முழுப் பெயரையும் அடையாள எண்ணையும் குறிப்பிடுவதே நல்லது.

உயில் இல்லாவிட்டால் 1987-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் பங்கு பிரிக்கும். மனைவிக்குக் கிடைப்பது ஒரு பிள்ளையின் பங்கு அல்லது 2,50,000 ராண்ட், இவற்றில் எது அதிகமோ அது. கடன் போக 9,00,000 ராண்ட் சொத்தும், மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தால், நான்கில் ஒரு பங்கு 2,25,000 ராண்டுதான். எனவே மனைவி 2,50,000 பெறுவார், மிச்சத்தைப் பிள்ளைகள் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். அதுவரை இறந்தவரை நம்பியிருந்த அவருடைய விதவைத் தங்கைக்கு அதில் ஒன்றும் இல்லை.

பதினாறு வயது நிரம்பிய எவரும் உயில் எழுதலாம். ஒவ்வொரு பக்கத்திலும் எழுதியவர் கையொப்பமிட்டு, கடைசிப் பக்கத்தின் முடிவில், பதினான்கு வயது நிரம்பிய இரு சாட்சிகள் ஒருசேர இருக்கும்போது கையொப்பமிட வேண்டும். சாட்சிகளும் அங்கேயே ஒப்பமிட வேண்டும். வீட்டில் கை எட்டும் தூரத்தில் இருப்பவரைச் சாட்சியாக அழைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. மருமகள் சாட்சிக் கையொப்பம் போட்டால், உயிலில் மகனுக்கு எழுதியிருப்பதே ஆபத்துக்குள்ளாகும், ஏனெனில் பயன் பெறுபவரின் கணவன் அல்லது மனைவியும் சாட்சியாக இருக்கக் கூடாது. உயில் இல்லாவிட்டால் கிடைத்திருக்கும் பங்குக்கு மேல் மகன் பெற முடியாமல் போகலாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து அனுப்புவது மலிவான காப்பீடு.

உயில் நிறைவேற்றுநரின் கட்டணத்தை முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும். பேசாவிட்டால் மொத்தச் சொத்து மதிப்பில் 3.5 சதவீதம், அதாவது 20 லட்சம் ராண்டுக்கு 70,000 ராண்ட், நிறைவேற்றுநர் வாட் வரிக்குப் பதிவு செய்தவரானால் வாட் தனி. பெரும்பாலான குடும்பங்களின் சொத்து வீடாகவே இருக்க, இந்தப் பணமும் நகராட்சி வரி பாக்கியும் ரொக்கமாக எங்கிருந்து வரும் என்பதை உயிரோடு இருக்கும்போதே யோசிக்க வேண்டும். ஒருவரின் நிகரச் சொத்தில் 35 லட்சம் ராண்டுக்கும், மனைவிக்குப் போகும் பங்குக்கும் எஸ்டேட் வரி இல்லை என்பதால், நடுத்தரக் குடும்பத்துக்கு வரியை விட ரொக்கத் தட்டுப்பாடே பெரிய தலைவலி. ஆயுள் காப்பீட்டில் பெயர் குறிப்பிட்டவருக்குப் பணம் நேரே போய்ச் சேரும். ஓய்வூதிய நிதியில் அப்படியில்லை, நீங்கள் யாரைக் குறிப்பிட்டிருந்தாலும் இறந்தவரை நம்பியிருந்தவர்களைப் பார்த்து நிதியின் அறங்காவலர்களே முடிவு செய்வார்கள்.

மரணத்தை, இறந்தவர்களின் சொத்து நிர்வாகத்தைக் கண்காணிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில், டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ, 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பதினாறாம் நாள் கருமாதி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் கெடு தாண்டிவிடும். 2,50,000 ராண்டுக்கு உட்பட்ட சொத்துக்குச் சுருக்கமான அதிகாரக் கடிதம் போதும். அதற்கு மேல் நிறைவேற்றுநர் நியமனம், கடன்காரர்களுக்கு 30 நாள் அறிவிப்பு, கணக்கு, 21 நாள் பார்வைக்கு வைத்தல் என்று நீளும். இவை எல்லாம் தொடங்குவதற்கே உயிலின் மூலப்படி வேண்டும். நகல் மட்டும் இருந்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போக நேரும். காமாட்சி விளக்கு வைக்கும் அலமாரியில் மூலப்படியை வைப்பவர்கள், அது அங்கே இருக்கிறது என்பதை நிறைவேற்றுநரிடமும் சொல்லி வைக்க வேண்டும். அந்த உறைக்குள்ளேயே திருமணச் சான்றிதழையும் மடித்து வைக்கலாம்.