அரசு இன்டர்ன்ஷிப்புக்குப் போன வருட அறிவிப்பே போதும்

அரசு இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், இந்த வருட அறிவிப்புக்குக் காத்திருக்காமல் போன வருட அறிவிப்பைத் தேடி எடுங்கள். அதில் கேட்ட ஆவணங்களை இப்போதே திரட்ட ஆரம்பித்துவிடுங்கள்.

வருடந்தோறும் நடக்கும் திட்டங்களில் மாதமும் படிவமும் பெரும்பாலும் மாறுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் நடத்தும் 'புளூ புக்' என்ற இன்டர்ன்ஷிப்பையே பாருங்கள்: மார்ச் 1, அக்டோபர் 1 என இரண்டு முறை தொடங்கும், விண்ணப்பமோ பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். விண்ணப்பிக்கக் கிடைப்பது சில வாரங்கள்தான், கல்லூரிக் கடிதமும் பரிந்துரைக் கடிதமும் வந்து சேர்வதற்குள் அதில் பாதி போய்விடும். (பேராசிரியர் சொல்லும் 'நாளைக்கு' எந்த நாள் என்று அவருக்கே தெரியாது!)

முதல் முறையாக வரும் திட்டங்களுக்கு இது உதவாது. காவல்துறைச் சான்றிதழ் போன்று குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் ஆவணங்களை முன்கூட்டியே வாங்கிவைப்பதும் வீண்செலவு. அப்புறம், வயது வரம்பையும் பட்டம் பெற்றிருக்க வேண்டிய ஆண்டையும் மட்டும் போன வருடத்ததை நம்பாமல் புது அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.