வரிச்சலுகை விளைவித்தவர் கைக்கு வந்து சேர: தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தைப் பயன்படுத்தும் முறை

தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானவுடன், விவசாயிகளுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் லாபம் என்ற அறிவிப்பு வந்துவிடுகிறது. ஆனால் சுங்க வரியைக் கட்டுகிறவர் வழக்கமாக வாங்கும் நாட்டிலுள்ள இறக்குமதியாளர் என்பதால், வரி குறைந்தால் அந்தப் பணம் முதலில் அவருக்குத்தான் மிச்சமாகிறது. அதில் ஒரு பங்கு ஏற்றுமதியாளருக்கும், அவர் வழியாக விளைவித்தவருக்கும் வந்து சேர வேண்டுமானால், சலுகை எவ்வளவு என்று கணக்கிட்டு, சரக்கு அதற்குத் தகுதியானது என்று நிரூபித்து, விலை பேசும்போது கேட்டுப் பெற வேண்டும்.

முதல் வேலை, விளைபொருளின் எச்.எஸ். குறியீட்டை, அதாவது சுங்கத்துறை பொருள்களை வகைப்படுத்தும் எண்ணை, சரியாகத் தெரிந்துகொள்வது. உலக சுங்க அமைப்பு வகுத்த இந்தக் குறியீட்டின் முதல் 6 இலக்கங்கள், அதைப் பின்பற்றும் எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை. அதைக் கொண்டு, வாங்கும் நாடு மற்றவர்களுக்கு விதிக்கும் பொது வரியையும், ஒப்பந்த அட்டவணையில் உள்ள சலுகை வரியையும் அருகருகே எழுதிப் பாருங்கள். பொது வரியே பூஜ்யமாக இருந்தால், சலுகைக்கான சான்றிதழுக்குச் செலவிடும் பணமும் நேரமும் வீண். வரி உடனே நீங்குகிறதா, ஆண்டுக்கு ஆண்டு படிப்படியாகக் குறைகிறதா, குறிப்பிட்ட அளவு சரக்குக்கு மட்டும்தானா என்பதையும் கவனிக்க வேண்டும். இத்தகைய ஒப்பந்தத்தில் சேரும் நாடுகள் தங்களுக்குள் ஏறத்தாழ எல்லா வணிகத்துக்கும் வரியை நீக்க வேண்டும் என்றுதான், உலக வணிகத்துக்கான பொது விதிகளை வகுத்த 1947ஆம் ஆண்டின் காட் உடன்பாட்டின் 24ஆவது பிரிவு கூறுகிறது. அந்த 'ஏறத்தாழ' விட்டுவைக்கும் இடத்தில் அடிக்கடி நிற்பவை வேளாண் பொருள்களே.

அடுத்தது, அந்தப் பொருள் எந்த நாட்டுடையது என்று நிறுவுவது. பலர் தடுமாறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு நாட்டு மண்ணில் விளைந்து அங்கேயே அறுவடையான பயிர், முழுமையாக அந்நாட்டுப் பொருளாகக் கொள்ளப்படுகிறது. விதை வெளிநாட்டிலிருந்து வந்திருந்தாலும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது தடையில்லை. வெளிநாட்டு மூலப்பொருளைப் பதப்படுத்தி விற்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. மஞ்சள் கிழங்கும் மஞ்சள் தூளும் 0910.30 என்ற ஒரே குறியீட்டில் அடங்குகின்றன; ஆகவே பதப்படுத்தியபின் குறியீடு மாற வேண்டும் என்று ஒப்பந்த விதி கேட்குமானால், பிற நாட்டு மஞ்சளை வாங்கி அரைத்து அனுப்புகிறவருக்குச் சலுகை கிடைக்காது. வறுக்காத காப்பிக்கொட்டையை வறுத்தால் 0901 என்ற 4 இலக்கத் தலைப்பு மாறுவதில்லை, 6 இலக்க உட்பிரிவு மாறுகிறது; எனவே ஒப்பந்தம் எந்த மாற்றத்தைக் கேட்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கும். புதிய தக்காளி எச்.எஸ். பட்டியலின் 7ஆம் அத்தியாயத்திலும் தக்காளி சாஸ் 21ஆம் அத்தியாயத்திலும் இருப்பதால், அங்கே மாற்றம் தெளிவானது. சில ஒப்பந்தங்கள் இத்துடன் உள்நாட்டு மதிப்புக்கூட்டல் சதவீதத்தையும் கேட்கின்றன. எனவே எந்த வயலில், எந்த நாளில், எத்தனை கிலோ வாங்கினீர்கள் என்ற பதிவைக் கொள்முதல் செய்த அன்றே எழுதி வையுங்கள். சரக்கு போய்ச் சேர்ந்து ஆண்டுகள் கழித்தும் அந்நாட்டுச் சுங்கத்துறை சரிபார்க்கக் கேட்கலாம்.

இந்தத் தகுதியைக் காட்டும் ஆவணமே சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின் எனப்படும் உற்பத்தி நாட்டுச் சான்றிதழ். இன்வாய்ஸிலும், கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கிலும் உள்ள பொருள் விவரம், எடை, பெட்டி எண்ணிக்கை ஆகியவை சான்றிதழுடன் ஒத்துப்போக வேண்டும். கப்பல் புறப்படும் முன்பே விண்ணப்பிப்பது நல்லது. பின்னர் பெறவும் பல ஒப்பந்தங்கள் இடமளிக்கின்றன என்றாலும், அதுவரை வாங்குபவர் முழு வரியைக் கட்டிக் காத்திருக்க நேரும். வழியில் வேறொரு நாட்டுத் துறைமுகத்தில் சரக்கு கப்பல் மாறினால், அது அங்கே சுங்கக் கண்காணிப்பிலேயே இருந்தது என்பதற்கான ஆதாரத்தையும் வாங்கிவைக்க வேண்டும்.

வரி நீங்கினால் சோதனையும் நீங்கிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. பூச்சிக்கொல்லி எச்ச வரம்பும் தாவர நலச் சான்றிதழும் அப்படியே தொடர்கின்றன. சரக்கை அடுக்கி அனுப்பும் மரத்தாலான பாலட்டைக்கூட, வெப்ப முறையைத் தேர்ந்தெடுத்தால், மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்குமாறு சூடாக்கி முத்திரையிட வேண்டும். வரி மிச்சத்தைக் கணக்கிட்டு அனுப்பிய சரக்கு எச்சப் பரிசோதனையில் திரும்பி வந்தால், ஒரு பருவத்தின் உழைப்பே போய்விடும். ஆகவே என் பார்வையில், அறுவடைக்கு முன்பே மாதிரி எடுத்துப் பரிசோதிக்கும் செலவு தவிர்க்கக் கூடாதது.

இனி விலைப்பேச்சு. 1,000 டாலர் சரக்குக்கு 12 சதவீத வரி இருந்தபோது, வாங்குபவருக்கு அது 1,120 டாலரில் அடங்கியது. வரி பூஜ்யமானபின் நீங்கள் 1,050 கேட்டால், அவருக்கு இன்னும் 70 டாலர் மிச்சம், உங்களுக்கு 50 கூடுதல். விலையை உயர்த்தாமல், அதே சலுகை இல்லாத போட்டி நாட்டைவிட மலிவாக விற்றுக் கூடுதல் அளவைப் பிடிப்பதும் ஒரு வழி. அந்தப் போட்டி நாட்டுக்கும் சலுகை இருந்தால் இந்த வழி பலிக்காது. விவசாயி தனியாகப் போய் இந்த 50 டாலரில் பங்கு கேட்பது கடினம். கூட்டாகத் திரட்டி விற்கும் குழுவாகப் பேசினால் கேட்க முடியும், ஏனென்றால் சான்றிதழுக்குத் தேவையான வயல் பதிவு அவர்களிடம்தான் இருக்கிறது. அந்தப் பதிவைக் கொடுக்கும்போதே, வரி படிப்படியாகக் குறையும் ஒவ்வோர் ஆண்டும் கொள்முதல் விலை மறுநிர்ணயம் செய்யப்படும் என்ற நிபந்தனையைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.