என்.என்.பி. படிக்க ஆசைப்படுகிறீர்களா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

போன வாரம் மதுரை கோரிப்பாளையத்தில் டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது ஜூனியர் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, பி.எஸ்சி. நர்சிங் முடிச்சுட்டேன். நேரா அமெரிக்கா போய் என்.என்.பி. படிக்கலாம்ல?" என்.என்.பி. என்றால் நியோநேட்டல் நர்ஸ் ப்ராக்டிஷனர், பச்சைக்குழந்தைகளுக்குச் சிகிச்சை தரும் உயர்நிலை நர்ஸ். ஆசை நல்ல ஆசை. ஆனால் எதற்குப் பிறகு எது என்று தெரியாமல் இறங்கினால், இரண்டு மூன்று வருடமும் வீட்டில் நகையை அடகு வைத்து வாங்கிய காசும் போய்விடும். அப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

முதல் குழப்பம் பெயரில். நியோநேட்டல் நர்ஸ் ப்ராக்டிஷனர் என்பது அமெரிக்காவில் உள்ள பதவி. முதுகலை அல்லது டாக்டரேட் அளவில் படித்து, தேசியத் தேர்வு எழுதி வருகிறவர்கள் குறைமாதக் குழந்தையைப் பரிசோதிப்பார்கள், மருந்து எழுதுவார்கள், மூச்சுக்குழாயில் டியூப்பும் போடுவார்கள். நம் நாட்டில் அந்தப் பெயரில் தனி உரிமம் இல்லை. இந்திய நர்சிங் கவுன்சிலின் தீவிர சிகிச்சை நர்ஸ் ப்ராக்டிஷனர் படிப்பு இரண்டு வருடம், அது வேறு. பச்சைக்குழந்தைப் பராமரிப்புக்கு ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோ இருக்கிறது, எம்.எஸ்சி.யில் குழந்தை நலப் பிரிவு இருக்கிறது. இரண்டுமே படிக்க வேண்டிய படிப்புகள்தான். ஆனால் இதை முடித்தாலே என்.என்.பி. ஆகிவிடலாம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள்.

அமெரிக்காவிலேயே குழந்தை மருத்துவ நர்ஸ் ப்ராக்டிஷனர் தனி, என்.என்.பி. தனி. பிறந்த நொடியிலிருந்து இரண்டு வயது வரைதான் என்.என்.பி.யின் எல்லை. விண்ணப்பத்தில் பிரிவை மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு இன்னொரு சான்றிதழ் படிப்புக்கு அலைய வேண்டும்.

அடுத்தது அனுபவம். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள குழந்தைகளைப் பார்க்கும் மூன்றாம் அல்லது நான்காம் நிலை என்.ஐ.சி.யூ.வில் (பச்சைக்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில்), கடைசி ஐந்து வருடத்துக்குள், இரண்டு வருட முழுநேர வேலை பார்த்திருக்க வேண்டும் என்று பொதுவாகக் கேட்பார்கள். பெரியவர்கள் ஐ.சி.யூ.வில் ஐந்து வருடம் இருந்தாலும் இந்தக் கணக்கில் வராது. பிரசவ வார்டும் வராது. வெளிநாட்டு அனுபவத்தை ஏற்பார்களா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். சேருவதற்கு முன்பே மெயிலில் கேட்டுப் பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

அனுபவச் சான்றிதழை வாங்கும்போதே படித்துப் பாருங்கள். என்னுடைய முதல் சான்றிதழில் 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று மட்டும் இருந்தது. வென்டிலேட்டரில் கிடந்த பிள்ளைகளோடு நான் விழித்திருந்த இரவுகளைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. சில வருடம் கழித்துத் திருத்தப் போனால் எனக்குக் கையெழுத்துப் போட்டவரே அங்கு இல்லை. எந்த யூனிட், எத்தனை படுக்கை, வென்டிலேட்டர் உண்டா, வாரம் எத்தனை மணி நேரம் என்று எல்லாமே எழுத்தில் வேண்டும்.

அப்புறம் உரிமம். அமெரிக்காவின் நர்ஸ் உரிமத் தேர்வான என்.சி.எல்.இ.எக்ஸ். எழுதி அங்குள்ள ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்தப் படிப்பைப் பற்றியே பேச முடியும். பல பல்கலைக்கழகங்கள் பாடத்தை ஆன்லைனில் நடத்துகின்றன. முழுக்க ஆன்லைனில் நடக்கும் படிப்புக்கு மாணவர் விசா கிடைக்காது. அதோடு, நூற்றுக்கணக்கான மணி நேரம் மருத்துவமனையில் மேற்பார்வையாளருக்குக் கீழே வேலை செய்தாக வேண்டும். அந்த இடத்தையும் மேற்பார்வையாளரையும் கல்லூரி ஏற்பாடு செய்யுமா, நாமே தேட வேண்டுமா என்று கேட்காமல் கட்டணம் கட்டாதீர்கள். அந்த செமஸ்டர்களில் முழுநேர நைட் டியூட்டியும் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுவதும் தப்பு.

படிப்புக்குள் போன பிறகு வரும் தவறு வேறு மாதிரி. குழந்தை மூச்சை நிறுத்தினால் பாதத்தைத் தட்டிவிடுவோம், டாக்டரைக் கூப்பிடுவோம். அது நர்ஸாக நமக்குப் பழகிய வேலை. அங்கே, ஏன் நின்றது என்று நாம்தான் சொல்ல வேண்டும். கிருமித்தொற்றா, சர்க்கரை இறங்கியதா, உடம்பு சில்லிட்டதா, மூளையில் ரத்தக்கசிவா? இந்தப் பழக்கத்தை இங்கே வார்டில் இருக்கும்போதே தொடங்கலாம். டாக்டர் வருவதற்குள் மனதுக்குள் ஒரு காரணம் சொல்லி, அவர் சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணக்கும் அப்படித்தான். 900 கிராம் குழந்தைக்கு, மூச்சு நிற்காமல் இருக்கக் கொடுக்கும் கஃபீன் சிட்ரேட் மருந்தின் முதல் டோஸ் கிலோவுக்கு 20 மி.கி. என்றால் 18 மி.கி. மருந்து ஒரு மில்லிக்கு 20 மி.கி. இருந்தால் சிரிஞ்சில் ஏற வேண்டியது 0.9 மில்லி. முன்னால் பூஜ்யம் போடாமல் எழுதி, அந்தப் புள்ளியும் மங்கிவிட்டால் படிக்கிறவர் கண்ணுக்கு அது 9. பத்து மடங்கு மருந்து, உள்ளங்கை அகல உடம்புக்குள்.

கடைசியாக விண்ணப்பக் கட்டுரை. 'சின்ன வயதிலிருந்தே குழந்தைகள் என்றால் உயிர்' என்று தொடங்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். நீங்கள் படுக்கை அருகில் செய்த ஒன்றை எழுதுங்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாச்சி, பேத்திக்குச் சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரை மடியில் மறைத்துக் கொண்டுவந்திருந்தார். "அம்மாச்சி, பிள்ளை வயிறு இன்னும் தாங்காது, தாய்ப்பால் மட்டும்தான். நீங்க கையைக் கழுவிட்டு வாங்க, தொட்டுப் பார்க்கலாம்" என்றேன். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து விரலை நீட்டினார். 1,100 கிராம் பிள்ளை அந்த விரலைப் பிடித்துக்கொண்டது. கிண்ணத்தை அவரே என்னிடம் எடுத்துக் கொடுத்துவிட்டார்.